கணக்கில் ஏறாத கிண்ணம்

உடல் இளைத்தல் என்பது இன்று எம்மவர் வீடுகளில் நாள்தோறும் பேசப்படும் பொருளாகிவிட்டது. முன்னர் நாலு பேர் கூடினால் மழையைப் பற்றியும் விதைப்பைப் பற்றியும் பேசுவார்கள். இப்போது இடுப்பின் சுற்றளவைப் பற்றிப் பேசுகிறார்கள். மாலை வேளையில் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைக்குச் சென்றால், ஆடவரும் பெண்டிருமாய்ப் பலர் கைவீசி விரைந்து நடப்பதைக் காணலாம். அவர்களோடு நாமும் சில ஆண்டுகளாக நடந்து வருகிறோம். நடையினிடையே காதில் விழும் உரையாடல் பெரும்பாலும் ஒன்றுதான். இரவுச் சோறு பாதியாகிவிட்டது. தேநீரில் சீனி நின்றுவிட்டது. கறிக்கு முதற்பால் விடுவதில்லை. பாணும் பணிசும் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. இவ்வளவையும் சொல்லி முடித்தபின் ஒரு பெருமூச்சு: "எண்டாலும் நிறை இறங்குதில்லை!"

இந்தப் பட்டியலில் ஒரு பொருளை மாத்திரம் எவரும் சொல்லக் கேட்டதில்லை. சனிக்கிழமை மாலையில் நண்பர் வீட்டு விறாந்தையிலும், கலியாண வீட்டுப் பின்வளவிலும், சிலர் வாழ்வில் நாள்தோறும் விளக்கு வைத்த பின்னரும் கைக்கு வரும் கிண்ணமே அது. சோற்றுக்குக் கணக்குண்டு, சீனிக்குக் கணக்குண்டு, கிண்ணத்துக்குக் கணக்கில்லை. குடும்பத்தார் யாவரும் கூடியிருந்து படிக்கும் பக்கத்தில் இப்படியும் ஒரு பொருளா என முகஞ்சுளிக்கும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இதுவே: குடும்பத்தார் அறியாமல் மூடிவைத்தபடியினாலேதான் இது கணக்கில் ஏறாமற் போயிற்று.

எம்மவரிடையே மதுவைப் பற்றிய பேச்சு இரண்டே வகைப்படும். ஒன்று, அது பாவம் என்பது; மற்றது, நான் எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறேன் என்னும் வீரம். முதலாவது பேச்சு வீட்டின் முற்றத்தில் நிகழ்கிறது. இரண்டாவது பின்வளவில் நிகழ்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே அளவு என்னும் சொல்லுக்கு இடமில்லாமற் போய்விட்டது. திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அங்கே வள்ளுவர் விட்டுக்கொடுப்பதில்லை. ஓர் அதிகாரம் தள்ளி 95ஆவதாக வருவது மருந்து. அங்கே அவர் முதன்மையாக வற்புறுத்துவது உணவின் அளவை. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பதை. முதலாவதைக் கைக்கொண்டவர்கள் பேறுபெற்றவர்கள். அவர்களுக்கு இக்கட்டுரை வேண்டியதில்லை. கிண்ணத்தையும் விடாமல் உடலையும் இளைக்கச்செய்ய விரும்புவோர், இரண்டாவதின் பொருளையாவது கிண்ணத்துக்கும் சேர்த்து எண்ணவேண்டும்.

மதுசாரத்துக்கு நிறை உண்டா என்று கேட்போர் பலர். கண்ணாடி போலத் தெளிந்த நீரில் என்ன கொழுப்பு இருக்கப்போகிறது என்பது அவர்கள் எண்ணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க இரசாயன அறிஞர் வில்பர் அற்வாற்றர் என்பவர் இதை ஆராய்ந்தார். மனிதரை ஓர் அடைத்த அறையினுள் இருத்தி, அவர்கள் உண்டதையும் அவர்களது உடலிலிருந்து வெளிப்பட்ட வெப்பத்தையும் அளந்து பார்த்தார். மதுசாரமும் உடலினுள் எரிந்து சக்தி தருகிறது என்பது அவர் கண்ட முடிவு. மதுவிலக்குக் கட்சியார் அவர்மீது சினந்தார்கள். மது வியாபாரிகளோ, பார்த்தீர்களா, எமது சரக்கும் உணவே என்று விளம்பரஞ் செய்தார்கள். உடலை இளைக்கச்செய்ய முனைவோருக்கு அந்த விளம்பரமே எச்சரிக்கையாக அமைகிறது. உணவென்றால் அதை உணவுக் கணக்கில் எழுதுவதுதானே முறை?

கணக்கு இதுதான். உணவுச் சக்தியைக் கலோரியில் அளப்பார்கள். ஒரு கிராம் மாப்பொருளிலும் புரதத்திலும் ஏறத்தாழ 4 கலோரி, கொழுப்பில் 9, மதுசாரத்தில் 7. அதாவது, நிறைக்கு நிறை பார்த்தால் மதுசாரம் சீனியைப் பின்னே தள்ளிக் கொழுப்பை நெருங்கி நிற்கிறது. எமது நாட்டுச் சாராயத்தில் நூற்றுக்கு 35ஐ அண்டிய பங்கு மதுசாரம். அதில் 50 மில்லிலீற்றர் கிண்ணத்தில் வார்த்தால் 14 கிராம் மதுசாரம். 100 கலோரிக்கு ஏதோ சிறிது குறைவு. 625 மில்லிலீற்றர்ப் போத்தலில் வரும் சாதாரண பியரில், அதிலுள்ள மாப்பொருளையும் கூட்டினால் ஏறத்தாழ 240. நூற்றுக்கு 8 பங்கைத் தாண்டிய கடும் பியராயின் 350க்கு மேல். ஒப்பிடுவதற்குச் சொல்கிறோம்: ஒரு கோப்பை சோறு ஏறத்தாழ 200 கலோரி.

கள்ளுக்கு எம்மவரிடையே தனி மதிப்புண்டு. அது உடம்புக்குக் குளிர்ச்சி, அதில் இனிப்புமில்லை, ஆகவே உடம்பு வைக்காது என்பார்கள். கருப்பநீரை அருந்தியவர்கள் அதன் இனிப்பை அறிவார்கள். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசிவைப்பதனால் அந்த இனிப்புப் புளிக்காமல் நிற்கிறது. சுண்ணாம்பு பூசாத முட்டியில் விழும் பதநீர், நுரைமத்தின் தொழிலால் மரத்திலிருக்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. இனிப்பு மறைகிறது, ஆனால் அது எங்கே போயிற்று? மதுசாரமாக மாறிற்று. நூறு கிராம் சீனியிலிருந்து ஏறத்தாழ 51 கிராம் மதுசாரம் பிறக்கும். முன்னையதன் சக்தி 400 கலோரியாயின், பின்னையதன் சக்தி 357. பத்தில் ஒன்பது பங்கு பிளாவிலேயே தங்கிவிடுகிறது. நாக்கு இனிப்பு இல்லை என்று சொல்லலாம். இடுப்பு அப்படிச் சொல்லாது.

கலோரிக் கணக்கோடு காரியம் முடிவதில்லை. சோற்றையும் கொழுப்பையும் உடல் சேமித்துவைக்கும். மதுசாரத்தைச் சேமிக்க அதற்கு இடமில்லை. ஆகையால், நச்சுப்பொருள் வீட்டுக்குள் வந்துவிட்டது போல ஈரல் மற்ற வேலைகளைப் பின்னே தள்ளி, அதை முதலில் எரிக்கிறது. அதுவும் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரையிலேதான் முடியும். அந்த வேளையில் எரியவேண்டிய கொழுப்புக் காத்திருக்கிறது. சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், கணிசமான அளவு மதுசாரம் அருந்தியவர்களின் உடலில் அந்நாள் எரிந்த கொழுப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. கிண்ணத்தோடு வரும் மிக்சரும், பொரித்த கடலையும், எண்ணெயில் மிதந்த இறைச்சியும் அந்தக் காத்திருப்பு வரிசையிலேதான் போய்ச் சேருகின்றன. மது பசியைத் தூண்டும் என்பதும் கையைத் தடுக்கும் நிதானத்தைக் குறைக்கும் என்பதும் யாவரும் கண்ட உண்மை. 'பைற்' என எம்மவர் சொல்லும் இத்தொடுகறி இல்லாமல் கிண்ணம் தனியே வருவது அரிது.

இவ்வளவும் ஏட்டுப் பேச்சாக நில்லாமல் எம் கண்முன் நிகழ்ந்தது ஒன்றைச் சொல்கிறோம்.

எம்மோடு நடப்பவர்களுள் நண்பர் ஒருவர் அரச அலுவலகமொன்றிற் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். ஒரு சதம் பிசகினாலும் இரவு உறங்காதவர். சீனி வருத்தம் என நாம் சொல்லும் நீரிழிவு அவருக்குண்டு. வைத்தியர் நிறையைக் குறைக்கும்படி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவருடைய மனைவியார் அன்றிலிருந்து திங்கள் முதல் வெள்ளி வரை இரவுச் சோற்றில் ஒரு கோப்பை குறைத்தார். கறிகளுக்குத் தேங்காய்ப்பாலை நிறுத்தினார். மூன்று மாதமாகியும் தராசின் முள் அசையவில்லை. நண்பருக்குக் கோபம் வந்தது. ஒருநாள் நாம் அங்கே சென்றிருந்தபோது எம் முன்னிலையிலேயே, "உம்மடை சமையலிலைதான் ஏதோ பிழை கிடக்கு" என்று மனைவியாரிடம் சொல்லிவிட்டார்.

அந்த அம்மையார் கோபிக்கவில்லை. எம் பக்கம் திரும்பி, "அண்ணை, சோத்தை நான் அளந்துதான் போடுறன். சனிக்கிழமை அளக்காமல் வாறதை ஆர் அளக்கிறது?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் எடுத்துவர உள்ளே போனார்.

கணக்கர் அல்லவா! கொப்பியை எடுத்து அப்பொழுதே எழுதினார். சனிக்கிழமை மாலையில் மூன்று முறை வார்க்கும் சாராயம்: 300. அதில் கலக்கும் இஞ்சிப் பியர் மூன்று கிண்ணம், இனிப்பு நீர் ஆகையால் ஒவ்வொன்றும் 80: ஆக 240. பேச்சோடு பேச்சாய் வாய்க்குட் போகும் மிக்சர் 100 கிராம்: 500ஐ அண்டியது. கூட்டுத்தொகை 1,040. மனைவியார் ஐந்து இரவுகளில் ஒவ்வொரு கோப்பையாய் மிச்சம்பிடித்தது 1,000. ஐந்து நாட் சிக்கனத்தை ஒரு மாலைப்பொழுது விழுங்கிவிட்டு மேலும் 40 கேட்டு நின்றது. மணித்தியால நடையில் ஏறத்தாழ 250 கலோரி செலவாகுமாகையால், அந்த ஒரு மாலைக்கு ஈடுசெய்ய நான்கு மணித்தியாலத்துக்கு மேல் நடக்கவேண்டும். நண்பர் பேனையை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் பேசாமலிருந்தார்.

இவ்விடத்திற் கதை நன்றாக முடிந்திருக்கலாம். ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள் செய்யும் சூழ்ச்சியொன்றுண்டு. வரவைக் குறைக்க மனமில்லாவிட்டால் வேறோர் இனத்தில் வெட்டுவார்கள். இரண்டு கிழமைக்குப் பின் நடையின்போது அவர் மகிழ்ச்சியோடு சொன்னார்: "மாஸ்ரர், வழி கண்டுபிடிச்சிட்டன். சனிக்கிழமை ராச் சாப்பாட்டை முற்றாய் விட்டுப்போட்டன். அந்த இடத்திலை இதை வைச்சால் கணக்குச் சரி!" நீரிழிவுக்காரருக்கு இது ஆகாது, வைத்தியரைக் கேளும் என்றோம். சிரித்துவிட்டு நடந்தார்.

அடுத்த சனிக்கிழமையும் அவர் நடந்தார், சர்க்கரையை இறக்கும் மாத்திரையை வழக்கம்போல் விழுங்கினார், உணவை விட்டார், கிண்ணத்தை மட்டும் எடுத்தார். இரவு பத்துமணிக்குப் பின் பேச்சுக் குழறியது, கால்கள் தள்ளாடின. வீட்டிலிருந்த பிள்ளைகள், அப்பாவுக்கு இன்று வெறி கூடிவிட்டது, படுக்க விடுவோம் என்றார்கள். அம்மையார் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். உடல் குளிர்ந்து வியர்வை ஆறாய் ஓடிற்று. சீனி பார்க்கும் கருவியால் விரலிற் குத்திப் பார்த்தார். 70க்குக் கீழே இறங்கினாலே குறைவென்பர். கருவி காட்டியது 48. விழுங்கக்கூடிய நிலையில் இருந்தமையால் சீனி கரைத்த நீரைப் பருகவைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தார். அன்றிரவு அவரைப் படுக்க விட்டிருந்தால் விடியலில் என்ன கண்டிருப்பார்கள் என்பதை எழுத எமது பேனை கூசுகிறது.

வைத்தியர் பின்னர் விளக்கினார். நாம் உண்ணாதிருக்கும் வேளையில் ஈரலே சீனியைச் சுரந்து இரத்தத்தில் விடுகிறது. மதுசாரத்தை எரிக்கும் வேலையில் அகப்பட்ட ஈரல் புதிதாய்ச் சீனி ஆக்குவதிற் பின்வாங்குகிறது. இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் சிலவகை மாத்திரையோ உடலில் வேலைசெய்துகொண்டிருக்க, வயிறும் வெறுமையாயிருந்தால் சீனி பாதாளத்துக்கு இறங்கும். அதன் அறிகுறிகளும் வெறியின் அறிகுறிகளும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆகையால், நீரிழிவு உள்ள ஒருவர் மது அருந்தியபின் குழறினால், வெறி என்று விட்டுவிடாமல் சீனியைப் பார்க்கவேண்டும். மயங்கி விழுங்க முடியாதவரின் வாயில் எதையும் ஊற்றாது உடனே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லவேண்டும். இந்த நான்கு வரிகளை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது மனத்திற் பதித்துக்கொண்டால் இக்கட்டுரை எழுதியதன் பயன் கிடைத்துவிடும்.

உணவை விட்டு அந்த இடத்தில் மதுவை வைப்பது முதியவர்களிடம் மாத்திரமுள்ள பழக்கமன்று. விடுதிகளில் வாழும் மாணவர்களுள்ளும், உடம்பு வைத்துவிடுமென்று பகலுணவை விட்டு மாலையிற் கொண்டாட்டத்துக்குப் போகிறவர்கள் உளர். வயிற்றில் உணவிருந்தால் மது அங்கே சற்றுத் தங்கி மெல்லச் சிறுகுடலுக்கு இறங்கும். வெறும் வயிறாயின் விரைந்து குடலைச் சேர்ந்து இரத்தத்தில் ஏறும். பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவாகையால் அதே அளவு அவர்களுக்கு மேலும் உறைக்கும். மதுசாரத்துக்குச் சக்தியுண்டேயன்றி, சோற்றோடும் பருப்போடும் மரக்கறியோடும் வரும் புரதமோ உயிர்ச்சத்தோ அதில் இல்லை எனலாம். உணவுக்குப் பதில் மது என்பது அரிசிக்குப் பதில் விறகு என்பது போன்றது. 21 வயது நிறையாதவருக்கு மதுசாரம் விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் மாணவர்கள் மறக்கலாகாது.

அப்படியாயின் அளவு எது? உலக சுகாதார தாபனம் 2023இல், தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு மதுவில் எதுவும் இல்லை என்று அறிவித்தது. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் 1988ஆம் ஆண்டிலேயே வைக்கப்பட்டுவிட்டது. ஆகவே, தொடாதவர் உடல்நலம் கருதித் தொடவேண்டியதில்லை. தொட்டவர் குறைக்குந்தோறும் நன்மையே. பிரித்தானிய வைத்திய அதிகாரிகள் 2016இல் வகுத்த எல்லையை எம்முடைய சாராயக் கணக்குக்கு மாற்றினால், கிழமைக்கு 50 மில்லிலீற்றர்க் கிண்ணம் எட்டு. அதையும் மூன்று நாளுக்குக் குறையாமற் பகிர்ந்துகொள்ளவேண்டும். இது தாண்டக்கூடாத வரம்பேயன்றி எட்டவேண்டிய குறியன்று. உடலை இளைக்கச்செய்ய முனைபவர் அதன் பாதிக்கும் கீழே நிற்பதே அறிவுடைமை.

நாமும் மதுவை முற்றத் துறந்தவரல்லோம். கிழமையில் ஒருநாள், நெருங்கிய நண்பரோடு ஒரு கிண்ணம் என்பது எமது வழக்கம். அதற்கு நாம் வகுத்துக்கொண்ட ஒழுங்கு எளியது. கண்ணால் அளப்பதில்லை, இருமல் மருந்தோடு வந்த அளவுக் கிண்ணமொன்று அலுமாரியில் இருக்கிறது, அதனாலேயே அளக்கிறோம். அகன்ற கண்ணாடிக் குவளையில் 50 என்று நினைத்து வார்ப்பது அளந்து பார்த்தால் 80ஆக இருப்பதை எவரும் தம் வீட்டிலேயே சோதிக்கலாம். இனிப்பு நீர் கலவாமல் வெறுஞ் சோடா கலக்கிறோம். சோடாவிற் கலோரி இல்லை. உண்டபின் அருந்துகிறோம், உண்ணாமல் அருந்துவதில்லை. தொடுகறி வேண்டுமாயின் அவித்த கடலையோ வெள்ளரிக்காயோ வைக்கிறோம். ஆறு நாள் விட்டதை ஏழாம் நாளிற் சேர்த்துக் குடிக்கும் வட்டிக்கணக்கு எம்மிடமில்லை. எல்லாவற்றிலும் முக்கியம், அந்தக் கிண்ணம் சமையற்கட்டுச் சுவரில் தொங்கும் தாளில் சோற்றுக்கும் மீனுக்கும் கீழே எழுதப்படுகிறது. எமது வீட்டில் அதை எவரும் படிக்கலாம்.

நண்பரும் இப்போது அதையே செய்கிறார். வைத்தியரைக் கேட்டு, மாதத்துக்கு இரண்டு மாலை, உண்டபின் ஒரு கிண்ணம் என்று வகுத்துக்கொண்டார். நான்கு மாதத்தில் மூன்று கிலோ இறங்கிற்று. இடுப்புச் சுற்றளவு ஆடவருக்கு 90 சதமமீற்றர், பெண்டிருக்கு 80 என்று எம்மவர்க்கு வகுத்த எல்லைக்கு வர அவருக்கு இன்னும் வழியிருக்கிறது. ஆயினும், "உம்மடை சமையல்" என்ற பேச்சு அவ்வீட்டில் நின்றுவிட்டது. தராசின் முள் அசைந்ததைவிட இதுவே பெரிய ஆதாயமென்று அவருடைய மனைவியார் எம் இல்லாளிடம் சொன்னாராம்.

வாசக அன்பர்களே, வீட்டில் நிறையைக் குறைக்க முனையும் ஒருவர் இருந்தால், அவருடைய கோப்பையை மாத்திரம் அளந்து கிண்ணத்தை இருளில் விடாதீர்கள். அதைப் பழிக்கவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில், குடும்பத்தார் முன்னிலையில், சோற்றோடு சோறாய் அதையும் எழுதுங்கள். எழுதத் தொடங்கினால் குறைக்கும் எண்ணம் தானே வரும். குறைக்க மனமில்லாதவர் எழுதவும் மாட்டார். அப்படி ஒருவர் எழுத மறுப்பாராயின், அவருக்கு வேண்டியது உணவு ஆலோசனையன்று. வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.